சாக்பீஸ் கோடும் எரர் கோடும்

1989-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒரு ஷெட்டில் நான் ஹெல்ப்பராகச் சேர்ந்தேன். அந்த ஷெட்டின் இரும்புத் தூணில் ஒரு சாக்பீஸ் கோடு இருந்தது. தரையிலிருந்து சரியாக மூன்று மீட்டர். மழைக்காலத்து ஈரத்தில் அது கரைந்துபோகும். மேஸ்திரி ஏணி போட்டு ஏறி, டேப் வைத்து அளந்து மறுபடி போடுவார். "தூக்கமாட்டேங்குது" என்று எந்த எலெக்ட்ரிக் வண்டி வந்தாலும், அந்தத் தூணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் முதல் வேலை. ஆப்பரேட்டர் லிவரை முழுதாக இழுப்பார். மேஸ்திரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வாய்விட்டு எண்ணுவார். ஃபோர்க் தரையை விட்டுக் கிளம்பியதிலிருந்து கோட்டைத் தொடும்வரை எத்தனை விநாடி? முதலில் வெறும் ஃபோர்க்கை வைத்து, அடுத்து லோடோடு. இரண்டு எண்களையும் தூணிலேயே எழுதுவார். அவர் எழுதி முடிக்கும்வரை யார் கையிலும் ஸ்பேனர் இருக்கக் கூடாது. தூக்கிய ஃபோர்க்குக்குக் கீழே யார் தலையும் போகக் கூடாது என்பது அதைவிடப் பெரிய கட்டளை.

அந்த இரண்டு எண்களிலேயே பாதி நோய் தெரிந்துவிடும் என்பது எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆயிற்று. "ஓட்டம்தான்டா வேகம், அழுத்தம்தான் பலம். ரெண்டையும் குழப்பிக்காதே" என்பார் மேஸ்திரி. லிஃப்ட் சிலிண்டருக்குள் ஒரு நிமிஷத்தில் எத்தனை லிட்டர் ஆயில் போகிறதோ அதுதான் ஃபோர்க்கின் வேகம். அந்த ஆயில் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்குகிறதோ அதுதான் அது தூக்கும் எடை. வெறும் ஃபோர்க்கும் மெதுவாக ஏறி, லோடும் மெதுவாக ஏறினால் ஆயில் போதிய அளவு வரவில்லை என்று அர்த்தம். வெறும் ஃபோர்க் சரியாக ஏறி, லோடு வைத்தால் மட்டும் திணறினால் சந்தேகம் வேறு பக்கம் போகும். தேய்ந்த பம்ப் அழுத்தம் கூடும்போது உள்ளுக்குள்ளேயே ஆயிலைத் திரும்ப விடலாம், ரிலீஃப் வால்வு முன்கூட்டியே திறக்கலாம், பேட்டரி லோடில் படுத்துவிடலாம்.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. ஒன்றரை டன் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 45 மில்லிமீட்டர் விட்டத்தில் இரண்டு சிலிண்டர்கள். மாஸ்ட்டின் சங்கிலி அமைப்பால் ராடு ஒரு அடி ஏறினால் ஃபோர்க் இரண்டு அடி ஏறும். ஃபோர்க் லோடோடு விநாடிக்கு 0.3 மீட்டர் ஏற வேண்டுமென்றால், சிலிண்டர்களுக்கு நிமிஷத்துக்குச் சுமார் 28 லிட்டர் ஆயில் தேவை. அப்படி ஏறினால் மூன்று மீட்டர் கோட்டைத் தொடப் பத்து விநாடி. பம்ப் தேய்ந்து அதில் எட்டு லிட்டர் உள்ளேயே கசிந்து திரும்பினால் பதினான்கு விநாடி ஆகும். நின்று பார்ப்பவருக்குப் பத்தும் பதினான்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். எண்ணிப் பார்ப்பவருக்கு மட்டுமே வித்தியாசம் தெரியும். அதற்குத்தான் கோடு.

அடுத்த சோதனை டில்ட். மாஸ்ட்டை முன்னும் பின்னும் சாய்க்கும் லிவரை இழுத்துப் பார்ப்பார். அதுவும் சோம்பலாக இருந்தால் பழுது இரண்டுக்கும் பொதுவான இடத்தில்: பேட்டரி, மோட்டார், பம்ப், ஸ்ட்ரெய்னர், ஆயில். டில்ட் சுறுசுறுப்பாக இருந்து லிஃப்ட் மட்டும் மந்தமென்றால் லிஃப்ட்டின் ஸ்பூல், சிலிண்டர் சீல், மாஸ்ட் ரோலர் என்று தேடல் சுருங்கிவிடும். லோடைத் தூக்கி நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவார். பத்து நிமிஷத்தில் ஃபோர்க் 100 மில்லிமீட்டருக்கு மேல் தானாக இறங்கியிருந்தால் உள்கசிவு. பத்து நிமிஷத்தை அளக்க அந்த டீயே போதும்.

அப்போது எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அதை இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. வண்டி மெதுவாகத் தூக்குகிறது என்றதும் ரிலீஃப் வால்வின் லாக் நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூவை உள்ளே திருகிவிடுவார்கள். ரிலீஃப் வால்வு அழுத்தத்தின் உச்சவரம்பு. அது சரியாக வேலை செய்யும் வண்டியில் அதைத் திருகினால் ஒரு லிட்டர் ஆயில்கூடக் கூடுதலாக வராது, வேகம் துளியும் ஏறாது. தூக்கக் கூடாத எடையை வண்டி தூக்கத் தொடங்கும், அவ்வளவுதான். பின்சக்கரம் தரையை விட்டு எழும்போதுதான் தப்பு தெரியும். அப்போது உள்ளே உட்கார்ந்திருப்பவன் வால்வைத் திருகியவன் இல்லை. மேஸ்திரி அந்த ஸ்க்ரூவின்மேல் சிவப்புப் பெயின்ட் அடித்துவைப்பார். வண்டி திரும்பி வரும்போது பெயின்ட் உடைந்திருந்தால் வால்வைச் சரிசெய்யாமல் வேறு வேலையைத் தொடமாட்டார்.

ஆயில் பக்கம் இப்படி என்றால், கரண்ட் பக்கம் வேறு உலகம். அந்தக் காலத்து வண்டியில் பம்ப் மோட்டாருக்கு இரண்டே நிலைதான்: ஓடும், ஓடாது. லிவரை லேசாக இழுத்தாலே அதன் அடியில் இருக்கும் மைக்ரோ சுவிட்ச் 'டிக்' என்னும். உடனே கான்டாக்டர் 'டப்' என்று ஒட்டும். பேட்டரியின் 48 வோல்ட்டும் அப்படியே டி.சி. மோட்டாருக்குப் போகும். ஃபோர்க்கை மெதுவாக ஏற்றுவதும் வேகமாக ஏற்றுவதும் ஆப்பரேட்டர் ஸ்பூலை எவ்வளவு திறக்கிறார் என்பதில்தான் இருந்தது. மோட்டார் எப்போதும் முழு வீச்சில்தான் சுற்றும்.

அதனால் பேட்டரியின் உடல்நிலை ஃபோர்க்கில் அப்படியே தெரியும். காலையில் சார்ஜ் ஏறிய பேட்டரியின் ஆசிட் கிராவிட்டி 1.280 காட்டும். ஃபோர்க் துள்ளி ஏறும். மத்தியானம் கொஞ்சம் இறங்கும். நான்கு மணிக்கு மேல் வோல்டேஜ் படிய, மோட்டார் சுற்று குறைய, ஃபோர்க்கும் களைத்த ஆளைப்போல ஏறும். கிராவிட்டி 1.150 பக்கம் வந்தால் அன்றைக்கு அந்தப் பேட்டரியின் வேலை முடிந்தது. அதற்கு மேல் ஓட்டினால் பேட்டரியின் ஆயுளைத் தின்கிறோம். பழைய ஆப்பரேட்டர்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லத் தேவையில்லை. ஃபோர்க் ஏறும் வேகத்தை வைத்தே மணி சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள்.

ஆனால் காலையிலேயே மாலை வேகம் வந்தால்? அப்போது 24 செல்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சும்மா நிற்கும்போது எல்லா செல்லும் 2 வோல்ட்டுக்கு மேல் காட்டி நம்மை ஏமாற்றும். லோடைத் தூக்கவைத்து, ஃபோர்க் ஏறிக்கொண்டிருக்கும்போதே மீட்டர் முனையை ஒவ்வொரு செல்லிலும் வைக்க வேண்டும். இருபத்து மூன்று செல் நிமிர்ந்து நிற்க, ஒன்று மட்டும் குப்புற விழும். சில சமயம் பூஜ்யத்துக்கும் கீழே போய் எதிர்த்திசையில் காட்டும். அந்த ஒரு செல் மற்ற எல்லோருடைய உழைப்பையும் குடித்துக்கொண்டிருக்கும்.

பேட்டரி நன்றாக இருந்தும் வேகம் இல்லையென்றால் கேபிள், லக், கான்டாக்டர் முனை என்று தேட வேண்டும். இதைப் புதியவர்களுக்கு எப்போதும் எண்ணில்தான் சொல்வேன். லோடு தூக்கும்போது பம்ப் மோட்டார் 200 ஆம்பியர்வரை இழுக்கலாம். வழியில் எங்கோ ஒரு லக் தளர்ந்து, ஒரு ஓம்மில் நூறில் ஒரு பங்கு தடை ஏற்பட்டால் போதும். அங்கேயே 2 வோல்ட் காணாமல்போகும். அது 400 வாட் சூடாக மாறும், ஒரு சின்ன அயர்ன் பாக்ஸைக் கேபிளில் கட்டித் தொங்கவிட்டதுபோல. சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் அந்தத் தடை தெரியவே தெரியாது. கரண்ட் ஓடும்போது இரண்டு முனைக்கும் நடுவே எத்தனை வோல்ட் விழுகிறது என்றுதான் பார்க்க வேண்டும். மீட்டர் இல்லாதபோது மேஸ்திரி வேறு வழி வைத்திருந்தார். நாலைந்து லோடு தூக்கச் சொல்லிவிட்டு, பேட்டரி கனெக்டரைக் கழற்றி, ஒவ்வொரு லக்குக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோவார். சுடுகிற லக்தான் குற்றவாளி.

அப்புறம் கார்பன் பிரஷ். மோட்டாரின் பட்டையைத் திறந்தால் கறுப்புத் தூசி முகத்தில் அடிக்கும். பிரஷ் தேய்ந்து, ஸ்பிரிங் அழுத்தம் போதாமல் கம்யூட்டேட்டரில் பொறி பறந்துகொண்டிருக்கும். சாக்லேட் நிறத்தில் மழமழவென்று இருக்க வேண்டிய கம்யூட்டேட்டர், எரிந்த அடுப்புக்கல்லாய் இருக்கும். அந்த வருஷங்களில் என் மேல்சட்டைகளில் ஆசிட் துளி விழுந்து ஓட்டை விழாத ஒன்றுகூட இல்லை. மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். பழைய காலம் பொற்காலம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கறுப்புதான் ஞாபகம் வரும்.

இவ்வளவுக்கும் மூலம் ஆப்பரேட்டர் சொல்லும் ஒரு வாக்கியம். ஒரு வண்டியைப் பத்துப் பதினைந்து வருஷம் ஒரே ஆள் ஓட்டிய காலம் அது. சீட்டில் அவருடைய பழைய துண்டு விரித்திருக்கும், ஆயுதபூஜைக்கு மாஸ்ட்டில் அவரே மாலை போடுவார். "அண்ணே, போன வெள்ளிக்கிழமைலேருந்து ஒரு மாதிரி ஏறுது. காலைல நல்லா இருக்கு, வெயில் ஏற ஏறப் படுத்துக்குது" என்பார். அந்த ஒரு வரியில் பாதி வேலை முடிந்துவிடும். வெயில் ஏறினால் ஆயில் சூடாகி நீர்க்கும். நல்ல பம்புக்கு அது பெரிய விஷயமில்லை. பல்லும் பக்கத்தட்டும் தேய்ந்த கியர் பம்பில் நீர்த்த ஆயில் இடுக்கு வழியாகத் திரும்பி ஓடிவிடும். சென்னையில் மே மாதத்து மத்தியானம் மெதுவாகும் வண்டி என்றால் எங்கள் சந்தேகம் முதலில் பம்பின்மேல். தூத்துக்குடியில் மீன், இறால் ஏற்றுமதி செய்யும் குளிர்கிடங்குகளுக்குப் போனால் இதுவே தலைகீழ். மைனஸ் 20 டிகிரி அறைக்குள் ஓடும் வண்டி காலையில் முதல் லோடைத் தூக்கத் திணறும், ஓடி ஓடிச் சூடானதும் தேறிவிடும். அங்கே பம்ப் நன்றாகத்தான் இருக்கும். யாரோ ஊரில் ஊற்றும் 68 கிரேடு ஆயிலையே அங்கேயும் ஊற்றியிருப்பார்கள். குளிரில் அது கூழாகிவிடும்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. முதலில் எஸ்.சி.ஆர். கண்ட்ரோல் வந்தது. வண்டி நகரும்போது ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கும். ஆனால் நாங்கள் பார்த்த பெரும்பாலான வண்டிகளில் அது ஓட்டும் மோட்டாருக்கு மட்டும்தான். பம்ப் மோட்டார் பழைய கான்டாக்டரோடேயே இருந்தது. பிறகு மாஸ்ஃபெட் கண்ட்ரோலர்கள், கையடக்க புரோகிராமர். 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டை, மறைமலைநகர் பக்கம் கார் தொழிற்சாலைகள் வந்தபோது வண்டிகளும் மாறத் தொடங்கின. அதன்பின் ஏ.சி. மோட்டார். பிரஷ் இல்லை, கம்யூட்டேட்டர் இல்லை, கறுப்புத் தூசி இல்லை. பேட்டரியின் டி.சி.யை மூன்று பேஸ் ஏ.சி.யாக மாற்றித் தரும் இன்வெர்ட்டர் வந்து உட்கார்ந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும், ஊருக்கு ஊர் இருந்த சின்னக் கிடங்குகள் சுருங்கி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், செங்குன்றம் பக்கம் ஏக்கர் கணக்கில் பெரிய கிடங்குகள் எழும்பின. ரேக் உயர்ந்தது. ஃபோர்க் ஏற வேண்டிய உயரமும் ஏறிற்று. மூன்று மீட்டரில் நான்கு விநாடி தாமதம் என்றால், உயர்ந்த ரேக்கில் ஒரு ஷிப்ட்டில் நூற்றுக்கணக்கான பேலட்டுக்கு அது எவ்வளவு ஆகும் என்று நிர்வாகிகள் கணக்குப் போடத் தொடங்கினார்கள்.

இன்றைய வண்டியில் லிவரை இழுத்தால் கான்டாக்டர் ஒட்டுவதில்லை. லிவருக்கு அடியில் இருக்கும் சென்சார், எவ்வளவு இழுத்தீர்கள் என்று ஒரு எண்ணை அனுப்புகிறது. கண்ட்ரோலர் அதைப் படித்து மோட்டார் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று முடிவு செய்கிறது. மோட்டாரில் இருக்கும் என்கோடர், சொன்ன சுற்று வந்ததா என்று திருப்பிச் சொல்கிறது. பேட்டரி கொஞ்சம் இறங்கினாலும் சுற்றைக் குறையவிடாமல் ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது. லித்தியம் பேட்டரி என்றால் மாலைச் சோர்வே கிடையாது. 3.2 வோல்ட் செல்கள் பதினாறு வரிசையாக நின்று, காலையில் தந்த வோல்ட்டைக் கிட்டத்தட்ட அப்படியே மாலைவரை தருகின்றன. கடைசியில் பேட்டரிக்குள் இருந்து அதைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். 'போதும்' என்று கையை விரித்துவிடும். ஃபோர்க்கை வைத்து மணி சொன்னவர்கள் இந்த வண்டியில் ஏறினால் திகைத்துப்போவார்கள்.

தமிழில் நாம் ஆதியிலிருந்தே "வண்டி ஏறமாட்டேங்குது", "தூக்கமாட்டேங்குது" என்றுதான் சொல்லிவருகிறோம். 'முடியவில்லை' என்று சொல்வதில்லை, 'மாட்டேன்' என்கிறது என்கிறோம். பழைய வண்டிக்கு அது வெறும் பேச்சுவழக்கு. அதற்கு ஏது விருப்பமும் மறுப்பும்? தேய்ந்தது, அடைத்தது, தளர்ந்தது, அதனால் முடியவில்லை. இன்றைய வண்டிக்கு அந்த வார்த்தை அப்படியே பொருந்துகிறது. நல்ல பம்ப், நல்ல மோட்டார், நல்ல பேட்டரி எல்லாம் இருந்தும் அது தூக்க மறுக்கிறது. மறுக்கும்படி அதற்குச் சொல்லியிருக்கிறார்கள். கண்ட்ரோலரின் அடித்தட்டு 85 டிகிரி பக்கம் சூடானால் கரண்ட்டைக் குறைத்துக்கொள்ளும். மோட்டாரின் வெப்ப சென்சார் பழுதானாலும் 'சூடு' என்று நினைத்துக்கொண்டு அடங்கிவிடும். பேட்டரி 80 சதவீதம் காலியானால் லிஃப்ட்டைக் குறைக்கும், அல்லது நிறுத்திவிடும். மாஸ்ட் உயரத்தில் இருக்கிறது என்று உயர சென்சார் சொன்னால் வேகம் பாதியாகும். அந்த சென்சாரே ஒரு நட்டு தளர்ந்து நகர்ந்திருந்தால், ஃபோர்க் தரையில் கிடக்கும்போதும் வண்டி தான் உயரத்தில் இருப்பதாகவே நம்பும். சர்வீஸ் நேரம் தாண்டினால் தானாக அடங்கும்படி அமைக்கக்கூடிய வண்டிகளும் உண்டு. கண்ட்ரோலரை மாற்றிவிட்டுப் பழைய பாராமீட்டர்களை ஏற்ற மறந்தால், புது கண்ட்ரோலர் தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு பொது வேகத்தில் ஓடும்.

ஆகவே இன்றைய மெக்கானிக்கின் முதல் கேள்வி எது தேய்ந்தது என்பதில்லை. வண்டியால் முடியவில்லையா, வண்டி மாட்டேன் என்கிறதா? இது தெரியாமல் பம்பைக் கழற்றுகிறவர் வாடிக்கையாளரின் பணத்தையும் தன் இரண்டு நாளையும் சேர்த்தே கழற்றுகிறார்.

சில வருஷத்துக்கு முன்பு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கிடங்கில் இது நடந்தது. லிஃப்ட் பாதி வேகம். டிஸ்ப்ளேயில் எரர் கோடு எதுவும் இல்லை. தொழிலுக்கு வந்து இரண்டு வருஷம் ஆன ஒரு தம்பி, கோடு இல்லையென்றால் ஹைட்ராலிக்தான் என்று முடிவு செய்து ஆயிலை மாற்றினான். பிறகு பம்பை மாற்றினான். வேகம் வரவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். டிஸ்ப்ளேயின் மூலையில் சின்னதாக ஓர் ஆமைப் படம் எரிந்துகொண்டிருந்தது. மெதுவோட்ட நிலை. யாரோ துடைக்கும்போதோ பழகும்போதோ பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். அந்த வண்டியில் அது ஓட்டத்தோடு லிஃப்ட்டையும் சேர்த்துக் குறைத்திருந்தது. பட்டனை இன்னொரு தரம் அழுத்தினேன், ஃபோர்க் எழுந்தது. அந்தத் தம்பியின் முகம் வாடியதை என்னால் பார்க்க முடியவில்லை. அவன்மேல் தப்பில்லை. 'என்ன தேய்ந்தது' என்று தேடும் எங்கள் பழைய பாடத்தைத்தான் அவனுக்கும் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நாங்கள்தான் பாடத்தை மாற்றாமல் விட்டோம்.

அந்த ஆமையை முதல் நாளே ஆப்பரேட்டர் சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். எந்த ஆப்பரேட்டர்? இன்று ஒரே வண்டியில் மூன்று ஷிப்ட், மூன்று ஆள். மாதத்துக்கு ஒரு தரம் ஆள் மாறுகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒப்பந்தத்தில் வந்த பிள்ளைகள் நன்றாகவே ஓட்டுகிறார்கள். ஆனால் இந்த வண்டி போன மாதம் எப்படி ஏறியது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? போன மாதம் அவர்கள் வேறு வண்டியில் இருந்தார்கள். மெல்ல மெல்ல வரும் சோர்வைக் கவனிக்க ஒரே ஆள் தொடர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஆளை நிர்வாகம் எடுத்துவிட்டது. இதில் எனக்கு வருத்தம் உண்டு.

அந்த ஆளின் இடத்தில் இப்போது வண்டியே கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. லேப்டாப்பை இணைத்துப் பதிவைத் திறந்தால், வோல்டேஜ் இறங்கியது எத்தனை தரம், எத்தனையாவது மணி நேரத்தில், அப்போது கண்ட்ரோலர் எவ்வளவு சூடு என்று வரிசையாக வரும். இது பெரிய வரம். சனிக்கிழமை இரவு ஷிப்ட்டில் மட்டும் வோல்டேஜ் விழுகிறது என்று பதிவில் பார்த்து, சார்ஜ் முழுதாக ஏறுமுன்பே அந்த ஷிப்ட்டில் பேட்டரியை உருவிவிடுகிறார்கள் என்று ஒரு தடவை கண்டுபிடித்தேன். எந்த ஆப்பரேட்டரும் அதைத் தானாக ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். மீட்டர் முனையை வைத்துக்கொண்டு ஆசிட் மேல் குனிந்து நிற்கும் வேலையும் லித்தியத்தில் இல்லை. மூடிய பெட்டி. ஒவ்வொரு செல்லின் நிலையையும் பி.எம்.எஸ். திரையில் காட்டுகிறது. வேறு கவனம் ஒன்று வேண்டும். பேட்டரியைக் கழற்றிய பின்னும் இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டரில் சார்ஜ் தேங்கி நிற்கும், அது இறங்கும்வரை கை வைக்கக் கூடாது.

ஆனால் அந்தப் பதிவைத் திறக்கும் சாவி எல்லோரிடமும் இல்லை. இதைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையாக எழுதியவன் ஆகமாட்டேன். பாஸ்வேர்டும் மென்பொருளும் கம்பெனி ஆட்களிடம் மட்டும். முப்பது வருஷம் ஆயிலிலும் செம்பிலும் கை ஊறிய ஒரு தனி மெக்கானிக், ஒரு லிஃப்ட் வேகப் பாராமீட்டரைப் படித்துப் பார்க்கக்கூட வழியில்லாமல் வெளியே நிற்கிறார். பாதுகாப்பு எல்லையை யாரும் கண்டபடி மாற்றிவிடக் கூடாது என்பது நியாயம். ரிலீஃப் வால்வில் சிவப்புப் பெயின்ட் அடித்த அதே நியாயம்தான். ஆனால் மாற்றுவது வேறு, படிப்பது வேறு. படிக்கவும் விடாத பூட்டு பாதுகாப்புக்காகப் போட்டது என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. எனக்குத் தெரிந்து நான்கு நல்ல மெக்கானிக்குகள் இந்தப் பூட்டால் தொழிலை விட்டார்கள். அவர்களில் ஒருவர் ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பம்பின்மேலும் கைப்பிடியைக் காதிலும் வைத்து, தேய்ந்தது பேரிங்கா பல்லா என்று சொல்லக்கூடியவர்.

போன வருஷம் ஒரகடத்தில் ஒரு வேலை. ஏ.சி. வண்டி, இரண்டு டன், லித்தியம் பேட்டரி. லிஃப்ட் மெதுவாக இருக்கிறது என்று புகார். சர்வீஸுக்கு வந்திருந்த பெண்ணுக்கு இருபத்து நான்கு வயது இருக்கும், டிப்ளமோ படித்தவள். நான் போகும்போது லேப்டாப்பை மாஸ்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு பேலட்டின்மேல் வைத்துக்கொண்டு தரையில் சம்மணமிட்டிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். ஆமை இல்லை. பாராமீட்டர் சரி. உயர சென்சார் சரி. சூடு இல்லை. பி.எம்.எஸ். தடை போடவில்லை. லிவரை முழுதாக இழுத்தால் என்கோடர் முழுச் சுற்று காட்டுகிறது.

"சார், மோட்டார் சொன்னபடி சுத்துது. ஃபோர்க்தான் ஏறமாட்டேங்குது. கோடு ஒண்ணும் வரல."

"முழுச் சுற்று சுத்துதுன்னா வண்டி மாட்டேங்கலம்மா. அதால முடியல. ஃபோன்ல ஸ்டாப்வாட்ச் எடு."

தூணில் டேப் வைத்து மூன்று மீட்டர் அளந்தோம். வெறும் ஃபோர்க் பத்து விநாடி. லோடோடு பதினான்கு. இரண்டும் மெதுவு, அதாவது ஓட்டம் இல்லை. டில்ட்டும் சோம்பல், ஆக லிஃப்ட்டுக்கு மட்டும் உரிய பழுது இல்லை. மோட்டார் சுற்றுகிறது, பம்ப் புதிது, ஆனாலும் ஆயில் வரவில்லை. "இப்போ லேப்டாப்பை மூடிட்டுக் காதைக் கொடு" என்றேன். கிடங்கின் பெரிய மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னோம். ஃபோர்க் ஏறும்போது பம்பிலிருந்து கூழாங்கல் அரைபடுவதுபோல ஒரு கரகரப்பு. அவள் என்னைப் பார்த்தாள். "காத்து இழுக்குதா சார்?" "இழுக்கப் பாக்குது, ஆயில் கிடைக்கல."

டேங்கின் மூடியைக் கழற்றி ஸ்ட்ரெய்னரை வெளியே எடுத்தோம். வலையைச் சுற்றிலும் வெள்ளையாக, நனைந்த பஞ்சுபோல நூல். திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட்டில்தானே நாம் எல்லோரும் கையையும் டேங்கையும் துடைக்கிறோம். போன தடவை ஆயில் மாற்றியவர்கள் டேங்கின் உட்புறத்தை அதனால் துடைத்திருக்கிறார்கள். 1989-இல் நான் ஹெல்ப்பராகக் கழற்றிய முதல் ஸ்ட்ரெய்னரிலும் இதே நூல்தான் இருந்தது. மேஸ்திரி அன்றைக்கு ஒன்றும் திட்டவில்லை. நூல் உதிராத ஒரு பழைய வேட்டித் துண்டைக் கொண்டுவந்து டேங்கின் மூடியில் கட்டிவைத்தார், அடுத்த தடவை துடைக்க.

ஸ்ட்ரெய்னரைக் கழுவி, டேங்கைக் காலிசெய்து, புது ஆயில் ஊற்றி, காற்று வெளியேற நாலைந்து தரம் ஃபோர்க்கை வெறுமையாக ஏற்றி இறக்கினோம். மறுபடி தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். அவளே எண்ணினாள், ஃபோனைப் பார்க்காமல் வாய்விட்டு. வெறும் ஃபோர்க் ஏழு. லோடோடு பத்து.

அந்தக் கிடங்கில் தூணில் எழுத அனுமதி இல்லை. தரையில் பாதை போட வைத்திருந்த மஞ்சள் டேப்பில் ஒரு சாண் கிழித்து, மூன்று மீட்டரில் குறுக்காக ஒட்டினாள். டேப்பின்மேலேயே மார்க்கரால் வண்டி எண், தேதி, 7, 10 என்று எழுதிவிட்டு ஏணியிலிருந்து இறங்கினாள்.